இணைப்பில் கசியும் தோட்டக் குளம்: புதுப் பசை பூசும் முன் சாட்சியைச் சேருங்கள்

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் அல்லியும் மீனும் வளர்க்க 12 அடி நீள ஃபைபர் குளம் வைத்தோம். சந்து குறுகல் என்பதால் மூன்று துண்டுகளாகக் கொண்டுவந்து, இங்கேயே போல்ட் முடுக்கி, இடையில் சிலிக்கான் தடவி இணைத்தார்கள். விலை 1,90,000 ரூபாய். அதில் 20,000 பாக்கி வைத்திருக்கிறேன். இரண்டாவது மாதமே தண்ணீர் இறங்கியது. மூன்று முறை வந்து மேலே பசை தடவிவிட்டுப் போனார்கள். இப்போது கேட்டால், குளம் வைத்துக் கொடுத்தவர் “வாரண்டி தொட்டிக்குத்தான், ஜாயின்ட்டுக்கு இல்லை” என்கிறார். பில் தரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனில் ‘குளத்துக்கு 5 வருட வாரண்டி, சொட்டுக் கசியாது’ என்று இருக்கிறது. வேலை முடிந்து 14 மாதம் ஆகிறது. சுவரில் ஓதம் ஏறிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் வேறு 35,000 ரூபாய் கேட்கிறார். வேறு ஆளை வைத்து நாங்களே ஒட்டிவிடலாமா? — வாசகி, கோவை

பதில்: ஒட்டலாம் அம்மா, ஆனால் இந்த வாரம் வேண்டாம். புதுப் பசை ஏறிவிட்டால், பழைய இணைப்பு எப்படி இருந்தது என்று யாருக்கும் காட்ட முடியாது. மொட்டைமாடிக் கசிவு வழக்குகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பழுதெல்லாம் பார்த்து முடித்துவிட்டு வருவார்கள்; கையில் செலவுக் கணக்கு மட்டும்தான் இருக்கும்.

முதலில் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். குளத்தை விளிம்புவரை நிரப்பி, பம்பை நிறுத்துங்கள். ஒரு பக்கெட்டில் தண்ணீர் எடுத்துக் குளத்தின் ஓரத்திலேயே வையுங்கள். இரண்டிலும் தண்ணீர் மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டு, தேதியும் நேரமும் தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள். பக்கெட்டில் இறங்கியது வெயில் குடித்தது. குளத்தில் அதைவிடக் கூடுதலாக இறங்கியிருந்தால் அது கசிவு. அப்புறம் தண்ணீர் விடாமல் அப்படியே விட்டுவைத்தால், ஓட்டை இருக்கும் மட்டத்துக்கு வந்ததும் இறக்கம் நின்றுவிடும். அந்த மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வரை மறுபடி தண்ணீர் விட்டு, அது அசையாமல் நின்றபின், அந்த மட்டத்தில் இணைப்பை ஒட்டிக் கேசரி கலரைக் கரைத்து ஒரு சொட்டு விடுங்கள். இடுக்கு இருந்தால் கலர் நூல் மாதிரி இழுபட்டு உள்ளே போகும். அதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். “வெயிலில் வற்றுகிறது” என்ற பதிலுக்கு அதன்பிறகு இடமில்லை.

அடுத்தது, ஒரு சிவில் இன்ஜினியரின் எழுத்து அறிக்கை. ஃபைபர் துண்டுகளை இணைக்கும்போது ஓரத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, மேலே கண்ணாடி இழை விரிப்பும் ரெசின் என்ற கெட்டிப்படும் பிசினும் போட்டார்களா, வெறும் சிலிக்கானோடு விட்டார்களா என்பதை அவர் எழுத வேண்டும். அடியில் உள்ள மணல் படுக்கை பற்றியும் எழுதச் சொல்லுங்கள். ஏனென்றால் எதிர்த்தரப்பு “மண் இறங்கியதால் ஜாயின்ட் விட்டது, எங்கள் தவறில்லை” என்றுதான் வரும். உங்கள் இடம் கரிசல் மண் என்றால் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதைப் பார்த்துத்தான் குளம் வைத்தவர் வேலை எடுத்திருக்கிறார். அதற்கேற்ற அடித்தளம் போடுவதும் அவர் பொறுப்பு என்று நாம் வாதிடலாம். ஆய்வு நடக்கும் தேதியை முன்கூட்டியே எழுதி அவரையும் வரச் சொல்லுங்கள். வராவிட்டாலும், ஒருதலைப்பட்சமான அறிக்கை என்று பிறகு சொல்வது அவருக்குக் கடினம்.

‘ஜாயின்ட்டுக்கு வாரண்டி இல்லை’ என்ற வாதம் என் பார்வையில் நிற்காது. நீங்கள் வாங்கியது மூன்று ஃபைபர் துண்டுகளை அல்ல, தண்ணீர் நிற்கும் ஒரு குளத்தை. கொட்டேஷனும் ‘குளத்துக்கு’ என்றுதான் சொல்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது பொருளில் பழுது, சேவையில் குறைபாடு இரண்டுமே. பில் தராததை நியாயமற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டம் சொல்கிறது. எனவே பில் இல்லாதது அவருக்குத்தான் பலவீனம். பணம் கட்டிய வங்கிப் பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் போதும். அந்தப் போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். 20,000 பாக்கி இருப்பதாலும் உங்கள் உரிமை போகாது. பாதி கொடுத்து, மீதி தருவதாகச் சொன்னவரும் நுகர்வோர்தான்.

காலவரம்பில் மட்டும் கவனம் வேண்டும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அவர் கடைசியாகப் பசை தடவிய நாளிலிருந்து எண்ணலாம் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பத்திரமான வழி, வேலை முடிந்த நாளிலிருந்தே எண்ணுவது. அப்படிப் பார்த்தால் 10 மாதம் மீதி.

15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார். அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 30 நாள், அதற்கு மேல் அதிகபட்சம் 15 நாள், அதற்குள் அவர் பதில் தாக்கல் செய்தாக வேண்டும். இந்த 45 நாளைத் தாண்டி நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். “குளம் வைத்தவரிடம் போய்க் கேளுங்கள்” என்று அவரிடம் சொல்லாதீர்கள். தன் நிலத்தில் தேக்கிய தண்ணீர் தப்பி அடுத்தவரைக் கெடுத்தால் தேக்கியவரே பொறுப்பு என்பது 1868-இல் இங்கிலாந்தில் ஒரு நீர்த்தேக்க வழக்கில் உறுதியான விதி. நம் பக்கத்திலும் ஒரு பழைய வழக்கு உண்டு. கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் உடைந்து மதராஸ் ரயில்வேயின் பாலங்களை அடித்துப் போயின. 1874-இல் பிரிவி கவுன்சில் (அன்று நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்தது) ஜமீன்தாரைப் பொறுப்பாளி ஆக்கவில்லை. ஊர் விவசாயத்துக்காகத் தலைமுறைகளாக இருக்கும் ஏரிகள், பராமரிக்கும் கடமை அவருக்கு உண்டு, கவனக்குறைவும் இல்லை என்பது காரணம். அழகுக்காக வைத்த அல்லிக் குளத்துக்கு அந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

அதனால் பக்கத்து வீட்டுச் சுவரையும் அதே இன்ஜினியரிடம் காட்டி, 35,000 நியாயமான தொகையா என்று எழுதி வாங்குங்கள். நியாயம் என்றால் வங்கி வழியாகக் கொடுத்து, ‘குளத்துக் கசிவால் சுவரில் ஏற்பட்ட சேதத்துக்கு முழு ஈடு’ என்று ரசீது பெறுங்கள். அந்தத் தொகையையும் உங்கள் புகாரில் இழப்பீடாகச் சேர்த்துக் கேட்கலாம்.

இவ்வளவும் கையில் வந்தபிறகு, தாராளமாக வேறு ஆளை வைத்து ஒட்டுங்கள். அந்தப் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.