வெள்ளையாக விட்ட இடம்

அன்புள்ள ஐயா,

கொடைக்கானலில் ஒரு பல்கலைக்கழகச் சேகரிப்பிலிருந்து வந்த பழைய நிலப்படங்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். பூம்பாறைப் பையன் ஒருவன் தன் ஊர்ப் பெயரைக் கண்டுபிடித்துக் கத்தியே விட்டான். படத்தில் மேல்மலைப் பக்கம் பெரும்பாலும் காலியாகவே இருந்தது. அன்று வெறும் பொட்டலாகக் கிடந்த மலையைப் பிற்பாடு மரம் நட்டுப் பச்சையாக்கினார்கள் என்று பிள்ளைகளுக்கு விளக்கினேன். ஆனால் ஒரு சங்கடம். நம்மை ஆண்டவர்கள் வரி வாங்கவும் படை நடத்தவும் போட்ட படங்களைப் பிள்ளைகளிடம் வியந்து காட்டலாமா? ஊர்ப் பெயர்களை வேறு கண்டபடி எழுதியிருக்கிறார்கள். ஒரு பிரதி வாங்கி வகுப்பில் மாட்டலாமா, வேண்டாமா?

ஓர் ஆசிரியை, வத்தலக்குண்டு

அன்புள்ள டீச்சர்,

பிள்ளைகளை மலையேற்றி, பாடத்தில் இல்லாத ஒன்றைக் காட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதற்கே உங்களைக் கும்பிட வேண்டும். தன் ஊரை ஒரு பழைய தாளில் பார்த்த பையன் அதை ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

ஊர்ப் பெயர் பிழைகளை விடுங்கள். அது பெரிய விஷயமில்லை. ஆண்டவர்கள் போட்ட படம் என்பதும் எனக்குத் தடையாகத் தெரியவில்லை. வெள்ளைக்கார நில அளவையாளர் லெப்டினன்ட் வார்ட் 1821இல் வெள்ளகவி கிராமத்தின் வழியாக மேலேறி, கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரை அளந்தபோது, நம் ஜனங்கள் நடந்து நடந்து போட்டு வைத்திருந்த பாதையில்தான் ஏறினார். அந்த அளவையில் நமக்கும் பங்கு உண்டு.

என் கோபமெல்லாம் அந்தப் 'பொட்டல்' மேல்தான். எப்படி டீச்சர் அப்படிச் சொன்னீர்கள்? படத்தில் ஒன்றும் வரையவில்லை என்றால் மலையில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுமா?

அங்கே இருந்தது புல். மடிப்புகளில் சோலைக்காடு, முகடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி. நம் உயர்மலைகளின் இயல்பே அதுதான். காட்டை வெட்டியதால் வந்த புல் அல்ல அது. நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்தவர்கள் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது என்று காட்டியிருக்கிறார்கள். வரையாடு மேய்வது அந்தப் புல்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, கடைசியாக 2018இல், மலையை நீலமாக்கிய குறிஞ்சி வளர்வதும் அந்தப் புல்லுக்கு நடுவில்தான்.

என் அப்பா நில அளவையில் செயின்மேனாக இருந்தவர். அந்த இரும்புச் சங்கிலியை நான் தூக்கிப் பார்த்திருக்கிறேன். 66 அடி, 100 கண்ணி. பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். முதல் வில்லைக்கு ஒரு பல், அடுத்ததற்கு இரண்டு பல், நட்டநடுவில் இருப்பது மட்டும் வட்டம். புல்லுக்குள் கிடக்கும் சங்கிலியைக் குனிந்து பார்க்காமல், விரலால் தடவியே எத்தனையாவது கண்ணி என்று அப்பா சொல்லிவிடுவார். சாயங்காலம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துச் சுருட்டி வைப்பார். ஒருநாள் எங்கள் ஊருக்குப் பின்னால் இருந்த சரிவை அளந்தார்கள். அங்கே என்ன இருக்கிறது என்று சர்வேயர் கேட்டார். "புல்லுங்க, மாடு மேயுது, கீழே ஊத்து இருக்கு" என்றார் அப்பா. சர்வேயர் தரிசு என்று எழுதிக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் பச்சையாக்கினார்கள் என்கிறீர்கள். தரிசு என்று எழுதியாகிவிட்டது, அப்புறம் அதில் எதை நட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் என்ற வெளிநாட்டு மரம் வந்தது, மரக்கூழுக்காக யூகலிப்டஸ் வந்தது, பைன் வந்தது. வெள்ளைக்காரர்கள் தொடங்கி வைத்ததைச் சுதந்திரத்துக்குப் பிறகு நாம்தான் பெரிய அளவில் செய்து முடித்தோம். அப்பா அளந்த சரிவிலும் வாட்டில் நட்டார்கள். கோடையிலும் வற்றாத அந்த ஊற்று எங்கள் கண்ணெதிரே சேறாகி, பிறகு சேறும் காய்ந்தது. மாடுகளை விற்றோம். வாட்டில் இன்றைக்கும் நடாத இடத்தில்கூடத் தானே முளைத்துப் பரவிக்கொண்டிருக்கிறது.

செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வந்தது. 1973இலிருந்து 2014 வரை, நாற்பது ஆண்டுகளில், பழனி மலையின் புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டது. பெரும்பகுதி மரத்தோட்டங்களாகவும் விளைநிலமாகவும் மாறியிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு, டீச்சர்! ஒரு மலையின் சோலைகளில் மூன்றில் இரண்டை வெட்டியிருந்தால் ஊரே கூடியிருக்கும். புல் போனதற்கு ஒருவரும் கூடவில்லை. மரம் நின்றால் காடு, புல் கிடந்தால் வெறும் நிலம் என்று நம் கண்ணைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். படித்த நீங்களும் நாற்பது பிள்ளைகளை நிற்க வைத்து அதையே சொல்கிறீர்கள். இதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, பிரதியை வாங்குங்கள், மாட்டுங்கள். கூடவே இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்திலிருந்து மேல்மலைக்குரிய இன்றைய நிலப்படத் தாளையும் இறக்கி, அதன் பக்கத்தில் ஒட்டுங்கள். அதில் காட்டுக்குப் பச்சை, சாகுபடிக்கு மஞ்சள், புல்லுக்கு இன்றைக்கும் தனி நிறம் கிடையாது. அப்புறம் பிள்ளைகளை மன்னவனூருக்குக் கூட்டிப் போங்கள். அங்கே இன்னும் கொஞ்சம் புல்வெளி மிச்சமிருக்கிறது. ஆடு மேய்க்கிற பெரியவர் யாரையாவது பிடித்து, முன்பு எதுவரைக்கும் மேய்த்தீர்கள் என்று பிள்ளைகளையே கேட்க வையுங்கள். அவர் கை காட்டும் இடங்களை அந்தத் தாளில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். முன்பு சொன்னது தவறு என்பதையும் அங்கேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.