சைனஸ் என்று மூன்று வருட மருந்து, ஸ்கேனில் ஒன்றுமில்லை: பதில்

ஸ்கேனில் சைனஸ் சுத்தம், நான்கு முறை ஆன்டிபயாடிக் எடுத்தும் மாதம் மூன்று தடவை கன்னத்திலும் கண்ணுக்கு மேலேயும் வலி, மூக்கடைப்பு வேறு என்கிறீர்கள். அப்புறம் போகிற போக்கில், அந்த நேரத்தில் தாளிக்கிற வாசனையே குமட்டுகிறது, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால்தான் தேவலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மைக்ரேனாக, அதாவது ஒற்றைத் தலைவலியாக, இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

மூக்கு ஒழுகினாலே சைனஸ் என்று நினைத்துவிடுகிறோம். மைக்ரேனிலும் முகத்து நரம்பு தூண்டப்பட்டு மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வரும், ஆனால் வடிவது தண்ணீர் மாதிரி இருக்கும். சைனஸ் தொற்று என்றால் பெரும்பாலும் கெட்டியான மஞ்சள், பச்சைச் சளி, சிலருக்குக் காய்ச்சல், வாசனை தெரியாமல் போவது. 2004-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், சைனஸ் தலைவலி என்று நம்பிய சுமார் 3,000 பேரில் 88 சதவீதத்தினருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலிதான். (ஒற்றைத் தலைவலி என்ற பெயரும் ஒரு தொல்லை, இரண்டு பக்கமும் வலித்தால் அது மைக்ரேன் இல்லை என்று வலிக்கிறவரே முடிவு கட்டிவிடுகிறார்.) எனக்கே இந்த மாதிரி வலியைப் பல் வலி என்று நினைத்து ஒரு பல் மருத்துவர் கடைவாய்ப் பல்லையே பிடுங்கிவிட்டார், வலி அடுத்த வாரமே திரும்ப வந்தது.

நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை வலி வந்த தேதி, எத்தனை மணி நேரம், போட்ட மாத்திரை எல்லாம் காலண்டரிலேயே குறித்து வையுங்கள், ஏனென்றால் மாதத்தில் 15 நாள் பாராசிட்டமால் போட்டால் அதுவே தலைவலியைக் கிளப்பும். திடீரென்று இடி விழுந்த மாதிரி வலி, பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போவது என்றால் மட்டும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.