கேள்வி–பதில்: நொதிக் கணக்கு எங்கே பிசகுகிறது?

அப்பாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்குதுங்க. தாளவாடியில் ரத்தம் எடுத்துக் கோவைக்கு அனுப்பினோம், எல்.டி.எச். (செல் சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) 780 என்று வந்தது. மூன்று நாள் கழித்துக் கோவையிலேயே எடுத்தபோது 230. எதை நம்புவதுங்க?
— வாசகி, சத்தியமங்கலம்

முதலில் இரண்டு அறிக்கையிலும் பக்கத்தில் அச்சாகியிருக்கும் இயல்பு வரம்பைப் பாருங்கள். லாக்டேட்டைப் பைருவேட்டாக மாற்றி அளக்கும் முறையில் மேல் வரம்பு 250 வாக்கில் இருக்கும். எதிர்த்திசை முறையில் அதே ரத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டும். அப்படியே வைத்தாலும் 230 என்பது 460தான் ஆகும். மிச்சத்துக்கு வேறு காரணம் வேண்டும்.

பெரும்பாலும் அது சிவப்பணு உடைவு. சிவப்பணுவுக்குள் எல்.டி.எச். சீரத்தைவிட (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) நூறு மடங்குக்கும் மேல் இருக்கிறது. கொஞ்சம் உடைந்தாலே கட்டி வளர்ந்ததுபோல் அறிக்கை பயமுறுத்தும். சீரம் பிரிக்காத குழாய் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் குலுங்கி இறங்கினால் உடையாமல் என்ன செய்யும்? சிரிஞ்சை வேகமாக இழுப்பது, ஊசியைக் கழற்றாமல் குழாயில் பீய்ச்சுவது, கட்டுப்பட்டையை நெடுநேரம் இறுக்கி வைப்பது எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

எடுத்த இடத்திலேயே 30 நிமிடம் உறையவிட்டு, நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் 10 நிமிடம் சுழற்றி, சீரத்தைத் தனிக்குழாயில் மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். எல்.டி.எச்.சுக்கான சீரத்தை ஐஸில் வைக்க வேண்டாம். அதன் சில வகைகள் குளிரில் செயலிழக்கும். இனி ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். இரண்டு அறிக்கையையும் மருத்துவரிடம் காட்டுங்கள். 780ஐ மறைக்க வேண்டாம்.

காமாலை நோயாளி. கண் நல்ல மஞ்சள். ஈரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. 38 என்று வருகிறது. கண்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த சோதனைச் சீரம்) சரியாக இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?
— ஆய்வகப் பணியாளர், தாராபுரம்

உங்கள் கருவி நொதியைப் பார்ப்பதில்லை. ரீஏஜென்டில் (வினைக்கரைசலில்) இருக்கும் என்.ஏ.டி.எச். என்ற பொருள் குறையும் வேகத்தைத்தான் 340 நானோமீட்டர் ஒளியில் பார்க்கிறது. நொதி மிக அதிகமானால் முதல் நிமிடக் காத்திருப்பிலேயே என்.ஏ.டி.எச். தீர்ந்துவிடும். அதன்பின் குறைய ஒன்றுமில்லை, கோடு படுத்துவிடும், கருவி "இயல்பு" என்று அடித்துவிடும். முதல் ரீடிங்கே தரைதட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

50 மைக்ரோலிட்டர் சீரத்தோடு 450 மைக்ரோலிட்டர் 0.9 சதவீத சலைன் சேர்த்து மறுபடி ஓட்டி, விடையைப் பத்தால் பெருக்குங்கள். 1000 மைக்ரோலிட்டர் ரீஏஜென்டுக்கு 100 மைக்ரோலிட்டர் சீரம், 37 டிகிரி, 1 செ.மீ. குவெட் (ஒளி பாய்ச்சி அளக்கும் சிறு குழாய்) என்றால் பெருக்கும் எண் 1768. ஒளி உறிஞ்சல் நிமிடத்துக்கு 0.020 குறைந்தால் 35 யூனிட் என்று கையாலும் சரிபார்க்கலாம்.

சீரம் சேர்க்காத ரீஏஜென்டையும் ஒருமுறை படியுங்கள். ஒளி உறிஞ்சல் 1.0க்குக் கீழே போனால் பெரும்பாலான கிட்டுகளில் கொட்டிவிட வேண்டியதுதான். சித்திரை வெயிலில் கரண்ட் போய் ஃபிரிட்ஜ் சூடானால் என்.ஏ.டி.எச். தானாகவே கெடும்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது: அடுத்த நாட்களில் காமாலை கூடிக்கொண்டே எஸ்.ஜி.பி.டி. மட்டும் சரிந்தால் குணமாகிறது என்று சொல்லிவிடாதீர்கள். சாவதற்கு ஈரல் செல் மிச்சமில்லை என்பதாகவும் இருக்கலாம். புரோத்ராம்பின் நேரம் (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) பார்க்கச் சொல்லி மருத்துவருக்கு உடனே போன் செய்யுங்கள்.

தம்பிக்கு ஹெபடைடிஸ் பி. "நாகலேஸ்" அளந்தால் வைரஸ், புற்றுநோய் இரண்டும் தெரியும், அதற்கு ஊசியும் உண்டு என்கிறார் ஒருவர். செய்யலாமா?
— வாசகர், காங்கேயம்

வேண்டாம். நாகலேஸ் லைசோசோமில் (செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் பை) சர்க்கரைக் கண்ணியை வெட்டும் நொதி. நம் எல்லோருக்கும் உண்டு. அது ஏறினால் நோயெதிர்ப்பு படுத்துவிடும், ஜி.சி.மாஃப் என்ற, ரத்தப் புரதத்திலிருந்து செய்யும் ஊசி மீட்கும் என்று ஜப்பானிய ஆய்வாளர் நொபுட்டோ யமமோட்டோ எழுதினார். புற்றுநோயாளிகளிடம் பலன் கிடைத்ததாக அவர் 2008இல் வெளியிட்ட கட்டுரையை இதழே 2014இல் திரும்பப் பெற்றது. 2015இல் பிரிட்டனில் உரிமமில்லாமல் அந்த ஊசி தயாரித்த இடத்தை மூடினார்கள்.

வைரஸையும் புற்றுநோயையும் தொடும் நேர்மையான நொதி ஒன்று உண்டு: தைமிடின் கைனேஸ். செல் டி.என்.ஏ.வை இரட்டிக்கும்போது ஏறும். ஆனால் நிணநீர்ப் புற்றுநோயிலும் ஏறும், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிலும் ஏறும், வெறும் பி12 குறைவிலும் ஏறும். நோய் தெரிந்தபின் போக்கைக் கவனிக்கத்தான் அது உதவும்.

தம்பிக்கு வேண்டியது எஸ்.ஜி.பி.டி.யும் வைரஸ் டி.என்.ஏ. அளவும். ஈரல் சுருக்கமோ, குடும்பத்தில் ஈரல் புற்றுநோயோ இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன். வீட்டில் மற்றவர்களுக்கும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்து, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.