600 டிவிடிகளை என்ன செய்வது?

அன்புள்ள ஐயா,

நாகர்கோவிலில் இருக்கிறேன், வயது 63. இருபது வருடமாக வாங்கிச் சேர்த்த விசிடி, டிவிடி எல்லாம் சேர்த்து 600 தேறும். எதை எப்போது வாங்கினேன், யாரோடு உட்கார்ந்து பார்த்தேன் என்று ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். இப்போது சின்ன வீட்டுக்குக் குடிபோகிறோம். “எல்லாம்தான் ஓடிடியில் இருக்கே, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம்” என்கிறான் மகன். சில டிஸ்க் பாதியில் நின்றுவிடுவதால் எனக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்யலாம்? வெளிநாட்டு ப்ளூரே வாங்கலாமா என்றும் சொல்லுங்கள்.

த.

அன்புள்ள த. அவர்களுக்கு,

போட்டுவிடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

புதுப் படங்களைப் பொறுத்தவரை உங்கள் மகன் சொல்வது பெரும்பாலும் சரிதான். பழைய படங்களின் நிலைமை வேறு. ஓடிடியில் ஒரு படம் இருக்கிறது என்றால் உரிமை ஒப்பந்தம் இருக்கும்வரை இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், ஒப்பந்தம் முடிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். இருக்கும்போதாவது முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் ஃபிரேம் ஏறக்குறைய சதுரம், இன்றைய டிவி அகலம். அந்த அகலத்தை நிரப்ப வேண்டும் என்று பல படங்களை மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள், உயரத்தில் கால் பங்கு போய்விடுகிறது. டைட்டில் ஓடும்போதே கண்டுபிடித்துவிடலாம்: மேல் வரியில் எழுத்துகளின் சுழி பறிபோயிருக்கும், கீழ் வரி பாதி மறைந்திருக்கும். அப்புறம் நடனக் காட்சி வரும். சலங்கைச் சத்தம் கணீரென்று கேட்கும், ஆடுகிறவரின் பாதம் மட்டும் திரையில் இருக்காது. எனக்கு மனசே ஆறாது. அதே படத்தின் பழைய டிவிடியைப் போட்டால் படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் பாதம் இருக்கிறது!

உங்கள் ஊர் சம்பந்தப்பட்ட ஒரு கதை சொல்கிறேன். மலையாள எழுத்தாளர் சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை வைத்து ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப் படத்தை எடுத்தவர் நாகர்கோவில்காரரான ஆர். சுந்தர்ராஜ். நாவலின் உரிமை திருவனந்தபுரம் கமலாலயா புக் டிப்போவிடம் இருந்தது, அவர்கள் வழக்குப் போட்டார்கள், படம் முடங்கியது, பிரிண்ட் பதிப்பகத்தார் கைக்குப் போய்விட்டது. போட்ட காசெல்லாம் போய், படமும் கையைவிட்டுப் போவது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் புத்தகக் கடையில் கிடந்த அந்தப் பிரிண்ட்டைத்தான் 1974-இல், பழைய படங்களைத் தேடிச் சேர்த்த பி.கே. நாயர் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தென்னிந்திய மௌனப் படங்களில் மிஞ்சிய மிகச் சிலவற்றில் அது ஒன்று. தியேட்டர் தியேட்டராக ஓடிய ‘காளிதாஸ்’, 1931-இல் வந்த நம் முதல் பேசும் படம், இன்று யாரிடமும் இல்லை. யாரோ ஒருவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார் என்பதைத் தவிர இதில் வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சரி, நின்றுபோகிற டிஸ்க்குக்கு வருவோம். உடனே டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், பிளேயரின் லென்ஸில் தூசி படிந்தாலும் இப்படித்தான் நிற்கும். இன்னொரு பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் நின்றால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது, பதிவு சுருளாகத்தான் ஓடுகிறது, அதன் போக்கிலேயே கீறல் விழுந்தால் பிளேயரால் விட்டதை நிரப்பிக்கொள்ள முடியாது. அதற்கும் சரியாகவில்லை என்றால் டிஸ்க்கை பல்புக்கு நேரே பிடியுங்கள். வெள்ளிப் பூச்சு அரித்த இடங்களில் ஊசி குத்தினதுபோல வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். என்னிடம் இருந்த ஒரு டிஸ்க்கில் அப்படிப் பதினேழு புள்ளி எண்ணினேன். அதை ஒன்றும் செய்வதற்கில்லை.

அதனால், நன்றாக ஓடுகிறவற்றை ஓடும்போதே ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள், உங்கள் வீட்டு உபயோகத்துக்கு மட்டும். ஒரு ஹார்ட் டிஸ்க் போதாது, இரண்டு வேண்டும், ஒன்று மகன் வீட்டில் இருக்கட்டும். முதலில் எடுக்க வேண்டியது சினிமாகூட இல்லை, வீட்டுக் கல்யாண டிவிடி. கடையில் விற்ற சினிமா டிஸ்க் அச்சில் அழுத்தி எடுத்தது. கல்யாண டிவிடி ஒரு சாயப் படலத்தில் லேசரால் எழுதியது, சீக்கிரம் வெளுத்துவிடும்.

வெளிநாட்டு ப்ளூரே தாராளமாக வாங்கலாம், ஆனால் அட்டையில் மண்டல எழுத்தை, அதாவது எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதற்கான குறியை, பார்த்துவிட்டு வாங்குங்கள். அமெரிக்கா ஏ, இங்கிலாந்து பி, நம்முடையது சி. பூட்டுப் போட்ட ஏ டிஸ்க் இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் ஓடாது. 4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் சத்யஜித் ராயின் அபு முப்படங்களை, அபு என்பவனின் வாழ்க்கையைச் சொல்லும் மூன்று படங்களை, வாங்குங்கள். 1993-இல் லண்டன் லேப் ஒன்றில் தீப்பிடித்து அவற்றின் நெகட்டிவ்கள் கருகிப்போயின. சுருங்கி உடையும் நிலையில் இருந்த அந்தச் சுருள்களுக்கு இத்தாலியில் போலோன்யா நகரத்தில் வைத்து உயிர் கொடுத்தார்கள், மீட்க முடியாத இடங்களுக்கு வேறு பிரிண்ட்களிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். சிறுவன் அபு விழித்துக்கொள்ளும் அந்தக் கண்ணைப் புதிய பிரதியில் பார்க்கும்போது, இது எரிந்துபோன படமா என்று நம்பவே முடியாது.

இடம் பற்றாது என்பது நிஜமான சிக்கல்தான். பிளாஸ்டிக் டப்பாவை விட்டுவிட்டு டிஸ்க்கையும் அட்டையையும் மட்டும் உறையில் போட்டு நிறுத்திவைத்தால் 600-உம் இரண்டு பெட்டிக்குள் அடங்கும்.

அந்த நோட்டில் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கும் பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். இப்போது வேறெங்கும் கிடைக்காதவற்றை நான் குறித்துத் தருகிறேன், கல்யாண டிவிடிக்கு அடுத்து அவற்றை எடுத்துவிடலாம்.