கடன் வாங்கிக் கழித்தல்: குச்சிக் கட்டை அவளே அவிழ்க்கட்டும்

வணக்கம் சகோதரி. இரண்டாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் 52-இல் 27 போனால் 35 என்று எழுதுகிறாள், எத்தனை முறை சொன்னாலும் மாறவில்லை என்கிறீர்கள். இது கவனக்குறைவு இல்லை. 2-இல் 7 போகாது என்பதால் 7-இல் இருந்து 2-ஐக் கழித்துவிடுகிறாள். பத்துகளில் ஐந்தில் இரண்டு போக மூன்று. அவளுக்கு 52 என்பது ஐந்தும் இரண்டும்தான், ஐந்து பத்துகளாக இன்னும் தெரியவில்லை.

தென்னை ஈர்க்குச்சிகளைச் சிறிதாக நறுக்குங்கள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போடும் வேலையை அவளிடமே விடுங்கள். இதில் அவசரப்படவே கூடாது, அந்தக் கட்டுக்குள் பத்து இருக்கிறது என்று அவள் கைக்குத் தெரிய வேண்டும். அப்புறம் ஐந்து கட்டு, இரண்டு உதிரி வைத்து, "எனக்கு 27 குச்சி கொடு" என்று கேளுங்கள். ஏழு உதிரி இல்லாமல் திணறுவாள். கட்டை அவிழ்க்கச் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து காத்திருங்கள். அவளாக ஒன்றை அவிழ்த்தால் நாலு கட்டும் பன்னிரண்டு உதிரியும் இருக்கும். கொடுத்தது போக மிச்சம் 25.

நோட்டில் 5-ஐ அடித்து 4 எழுதுவதை அதற்குப் பிறகு, குச்சியை நகர்த்தும்போதே பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். அது சரியாக வந்ததும் 40-இல் 16 கொடுத்துப் பாருங்கள், உதிரியே இல்லாத கணக்கில்தான் பிள்ளைகள் மறுபடி தடுமாறுவார்கள்.