வாசகர் கேள்வி: புற்றடிக் காளானைச் சமைக்கலாமா?

கேள்வி: ஐப்பசி மழை பெய்த மறுநாள் கன்னியாப் பக்கக் காட்டுப் பாதையில் நடந்தபோது, கறையான் புற்றடியில் வெள்ளைக் காளான்கள் கூட்டமாய் முளைத்திருந்தன. வெள்ளிக் காசு போட்டு அவித்து, காசு கறுக்காவிட்டால் உண்ணலாம் என்பார் அம்மம்மா. அது சரியா?
– வாசகி, திருகோணமலை

பதில்: அம்மம்மாவின் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் காசை மட்டும் நம்பாதீர்கள். வெள்ளி கறுப்பது கந்தகத்தால். ஈரலைக் கெடுக்கும் காளான் நஞ்சு காசில் எந்த மாற்றத்தையும் காட்டாது, கொதிக்க வைத்தாலும் அழியாது. நத்தை கடித்த காளான் நல்லது என்பதும் அவ்வாறே பிழை.

நீங்கள் கண்டது புற்றுக் காளானாக இருக்கலாம். அதைப் பிடுங்காமல் ஒரு குச்சியால் சுற்றிலும் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்: தண்டு நிலமட்டத்தோடு முடியாமல், வேர் போல ஒடுங்கி, கறையான்கள் உள்ளே வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் வரை இறங்கும். குடையின் நடுவில் கூரிய, கெட்டியான முனை தெரியும். மாறாக, தண்டின் அடியில் கிண்ணம் போன்ற உறை இருந்தால் அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்; உயிரைப் பறிக்கும் இனங்கள் பலவற்றின் அடையாளம் அதுவே.

அடுத்து, தண்டை வெட்டிவிட்டு, குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கண்ணாடிக் கோப்பையை மூடி இரவு முழுவதும் வையுங்கள். புற்றுக் காளானின் வித்திகள் தாளில் மங்கிய இளஞ்சிவப்பாகப் படியும். பச்சை நிறம் படிந்தால், புல்வெளிகளில் பெரிய வெள்ளைக் குடையாக முளைத்து, உண்டவரை சில மணி நேரத்தில் வாந்தியிலும் வயிற்றோட்டத்திலும் தள்ளும் இனம் என்று கொள்ளலாம். இளம் பருவத்தில் அதன் குடையடித் தகடுகளும் வெண்மையாகவே இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இவை அனைத்தும் பொருந்தினாலும், அந்தக் காளானைப் பல ஆண்டுகள் பறித்துப் பழகிய ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லாதவரை அதை அடுப்பில் ஏற்ற வேண்டாம். படம் அனுப்பினால் போதுமா என்று சிலர் கேட்கிறார்கள். மண்ணுக்குள் இருக்கும் தண்டு படத்தில் தெரியாதே!

உண்டபின் ஆறு மணி நேரம் கழித்து வாந்தி தொடங்கினால், அது மறுநாள் தணிந்துவிட்டாலும் வீட்டில் இருக்காதீர்கள். ஈரல் பாதிப்பு அந்த இடைவெளிக்குப் பிறகே வெளித்தெரியும். 1990 என்ற அம்புலன்ஸ் சேவை எண்ணுக்கு அழைத்து, மிஞ்சிய காளானையும் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.