உளவு அமைப்பான ஐஎஸ்ஐயின் தலைவர் பதவியை எட்டே மாதத்தில் இழந்த அசிம் முனீர், பாகிஸ்தான் ராணுவத் தளபதி ஆனது எப்படி?

சுருக்கமாகச் சொன்னால், மூன்று நாள் வித்தியாசத்தில்.

பாகிஸ்தானின் முதன்மை ராணுவப் பயிற்சிக் கல்லூரியான காகுல் அகாடமி வழியாக வராமல், மங்களா அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் படித்து சிறந்த பயிற்சி அதிகாரிக்கான ‘கௌரவ வாள்’ வாங்கியவர் முனீர். 2017இல் ராணுவ உளவுப் பிரிவு, 2018 அக்டோபரில் ஐஎஸ்ஐ என இரண்டுக்கும் தலைவரானார். 2019 ஜூனில், இம்ரான் கான் ஆட்சியில், ஃபைஸ் ஹமீதை அங்கே உட்காரவைத்து இவரை குஜ்ரன்வாலாவில் உள்ள கோர் (பெரிய படைப்பிரிவு) தளபதியாக அனுப்பிவிட்டார்கள். அப்புறம் தலைமையகத்தில் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல், அதாவது படைக்கு வேண்டிய சரக்கைப் பார்க்கிற பொறுப்பு. கதை முடிந்தது என்றுதான் தோன்றியிருக்கும்.

ஓய்வு பெறவேண்டிய நாள் 2022 நவம்பர் 27. பிரதமர் ஷெபாஸ் ஷெரீஃப் அரசு ராணுவத் தளபதியாக இவர் பெயரை அறிவித்தது 24ஆம் தேதி! 2025 மே மாதம் ராணுவத்தின் உச்சப் பதவிநிலையான ஃபீல்ட் மார்ஷலும் ஆனார்; அங்கே அயூப் கானுக்குப் பிறகு இவர்தான்.